1275 மினியின் ரொக்கர் வேலை: இரண்டாம் தடவை சரியாக வந்தது

போன ஞாயிறு விடிகாலை, எஞ்சின் இராமுழுக்கக் குளிரில் ஆறிக் கிடந்த பிறகு, ரொக்கர் கவரைக் கழற்றி எட்டு வால்வுக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தேன். ரொக்கர் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் சின்ன நெம்புகோல். அதற்கும் வால்வ் தலைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். எட்டிலும் 0.35 மி.மீ. தகடு ஒரே மாதிரி இறுக்கத்தோடு இழுபட்டது. ஒரு லொக் நட்டைக்கூடத் தொடவில்லை. தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, ரதல்ல ஏற்றத்தையும் சேர்த்து, 420 கிலோமீட்டர் ஓடிய பிறகு வந்த அளவு இது. முதல் தடவை பூட்டியபோது அறுபது கிலோமீட்டர்கூட அந்த இடைவெளி நிற்கவில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வண்டி ஒரு மினி. உள்ளே இருப்பது 1,275 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். கண்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கியர் பெட்டியோடு சேர்த்து வாங்கினேன். நான் தலவாக்கலையில் முச்சக்கர வண்டி கராஜ் வைத்திருக்கிறேன். டெப்பட் பார்ப்பது, அதாவது அந்த வால்வ் இடைவெளியைச் சரிபார்ப்பது, எனக்கு அன்றாட வேலை. ஆனால் ரேஸ் கேம்ஷாஃப்ட் (முகடுகளால் வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல் தண்டு) போட்ட எஞ்சினில் ரொக்கரை அளந்து நேராக்குவது வேறு வேலை என்பது இந்த மூன்று மாதத்தில்தான் புரிந்தது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து நுவரெலியா மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்த்தவன் நான். 1934இலிருந்து வரும் பந்தயம் அது. மினிகள் அந்த வளைவுகளில் முன் சக்கரத்தால் இழுத்துக்கொண்டு ஏறும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு ஏப்ரலில் என் கையால் பூட்டிய எஞ்சினை அங்கே ஏற்ற வேண்டும் என்பது ஆசை.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கொழும்போடு ஒப்பிட்டால் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் வால்வை இன்னும் கொஞ்சம் உயரத் திறக்கலாம் என்று நினைத்து இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று, மறுபடி கிரைண்ட் பண்ணிய கேம்ஷாஃப்ட். இன்னொன்று, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்த, ஏற்கெனவே ஓடிய 1.5 விகித ரொக்கர் செட். 58,000 ரூபாய். பழைய ரொக்கரின் விகிதம் ஏறக்குறைய 1.25தான். கேம் ஒரு மி.மீ. தூக்கினால் வால்வ் ஒன்றேகால் மி.மீ. இறங்கும். புதியதில் ஒன்றரை.

ஐப்பசி மழையில் கராஜுக்கு வேலை குறைவாக இருந்த இரண்டு வாரத்தில் முதல் தடவை பூட்டினேன். கிராங்கையும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கேமையும் செயினால் இணைக்கும் டைமிங் கியர் இரண்டிலும் உள்ள புள்ளிகளை எதிரெதிரே வைத்தேன், ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடி) இறுக்கினேன், ரொக்கரைப் போட்டேன், இடைவெளியை 0.30க்கு வைத்து ஸ்டார்ட் செய்தேன். வண்டி ஓடியது. ஆனால் மேலே ஒரு டக் டக் சத்தம். டெப்பட் சத்தம் என்றே நினைத்தேன். மறுநாள் எல்லாவற்றையும் 0.20க்கு இறுக்கினேன், சத்தம் பாதியாகக் குறைந்தது. அங்கேதான் பிழை செய்தேன். இடைவெளியைக் குறைத்துச் சத்தத்தை மூடியதால், சத்தத்தின் காரணத்தைத் தேடாமல் விட்டுவிட்டேன். லிந்துலைக்குப் போய் வந்த மூன்றாம் நாள் எஞ்சின் ஐட்லிங்கில் குலுங்க ஆரம்பித்தது. கம்ப்ரெஷன் பார்த்தேன். 165, 160, 120, 160 இறாத்தல். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வ், அதாவது வரிசையில் ஐந்தாவது வால்வ், சூடேறியதும் முழுதாக மூடவில்லை.

ரொக்கர் கவரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது. ஐந்தாவது வால்வின் தலையில் ரொக்கர் பட்ட அடையாளம் நடுவில் இல்லை, பக்கவாட்டில் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. இரண்டு புஷ்ரொட்டில் (கேமின் தூக்கலை ரொக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி), ஹெட்டின் துளைக்குள் போகும் இடத்தில், வெள்ளிக் கோடு போல் பளபளப்பு. மூன்றாவது, இடைவெளியை வைக்கும் அட்ஜஸ்டர் திருகாணிகள் எல்லாமே மேலே ஏறிப்போய், கீழே உருண்டை மட்டும்தான் ரொக்கருக்கு வெளியே தெரிந்தது. சத்தம் டெப்பட் சத்தமே இல்லை. புஷ்ரொட் இரும்பில் உரசிய சத்தம்.

அன்று மாலை மாமா வந்தார். அவர் 31 வருடம் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) பிட்டர் வேலை பார்த்தவர். தேயிலை அரைக்கும் ரோலர் மேசைகளின் பெயாரிங்கை நேர் பார்த்த கை. வால்வ் தலையைப் பெருவிரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “அளக்காம போட்டுட்டீங்க மருமகன். எறக்குங்க, முதல்ல இருந்து பாப்போம்” என்றார். மறுநாளே எஞ்சினை இறக்கினோம்.

1275 எஞ்சினில் ஒரு சங்கடம் உண்டு. சின்ன மினி எஞ்சின்களில் இருப்பது போல் பிளொக்கின் பக்கத்தில் ஃபொலோவரை (கேமுக்கும் புஷ்ரொட்டுக்கும் நடுவில் நிற்கும் உருளை) எடுக்கும் மூடி இதில் இல்லை. கேமை உருவினால்தான் ஃபொலோவர் வரும். எஞ்சின் நேராக நிற்கும்போது கேமை உருவினால் ஃபொலோவர்கள் கீழே விழும். ஆகவே கியர் பெட்டியைப் பிரித்து, பிளொக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாகக் கேமை இழுத்தோம். மரப் பெஞ்சின் மேல் பழைய சாக்கை மடித்து விரித்திருந்தோம். அக்கா மகன் ஒவ்வொரு ஃபொலோவரையும் எண் எழுதிய முட்டை அட்டையில் வரிசையாக வைத்தான்.

ஃபொலோவரின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் மிக மெல்லிய குவிவு இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பிடித்தால் லேசாக ஆட வேண்டும். என்னுடையதில் ஐந்து ஆடவில்லை. ஒன்றில் நடுவில் குழியே விழுந்திருந்தது. முதல் ஸ்டார்ட்டில் வண்டியைப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டதன் விலை அது என்று நினைக்கிறேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கேமின் முகடுகளில் நகம் தட்டும் கீறல் எதுவும் இல்லை, அது என் அதிர்ஷ்டம். எட்டு ஃபொலோவரும் புதிது போட்டேன், 24,000 ரூபாய். போட்ட பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஃபெல்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து, கேமைக் கையால் பல தடவை சுற்றினோம். எட்டுக் கோடும் இடம் மாறின. ஃபொலோவர் சுழல்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சுழலாத ஃபொலோவர் கேமைத் தின்றுவிடும்.

அடுத்தது கேம் டைமிங், அதாவது பிஸ்டன் எங்கே நிற்கும்போது கேம் வால்வைத் திறக்கிறது என்பது. இதற்குத்தான் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வாங்கினேன், காந்த அடியோடு 9,500 ரூபாய். பாகை வட்டத்தைக் கணினியில் 25 செ.மீ. விட்டத்தில் அச்சிட்டு, அலுமினியத் தகட்டில் ஒட்டி, கிராங்க் முனையில் பூட்டினேன். அந்த அளவில் ஒரு பாகை விளிம்பில் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும், அதனால் அரைப் பாகையையும் கண்ணால் படிக்கலாம். சின்ன வட்டம் வாங்கிக் கண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம். சுட்டி, வெல்டிங் கம்பியை வளைத்துக் கூராக்கியது.

பிஸ்டன் உச்சியைக் கண்ணால் பிடிக்க முடியாது. உச்சியில் கிராங்க் சில பாகை சுற்றினாலும் பிஸ்டன் அசையாதது போலவே இருக்கும். ஆகவே 6 மி.மீ. தடிப்பான இரும்புப் பட்டை ஒன்றை முதல் சிலிண்டருக்குக் குறுக்கே ஹெட் ஸ்டட்டில் பூட்டி, நடுவில் ஒரு போல்ட்டை இறக்கினேன். பிஸ்டன் உச்சிக்கு முன்பே அதில் முட்டி நிற்கும். ஒரு பக்கம் சுற்றி முட்டியபோது 24 பாகை, மறு பக்கம் சுற்றி முட்டியபோது 31. இரண்டும் 27.5 வரும்வரை சுட்டியை நகர்த்தினேன். பட்டையை எடுத்துவிட்டால் சுழியம் நிற்கும் இடம்தான் உண்மையான உச்சி.

பிறகு முதல் சிலிண்டரின் இன்லெட் ஃபொலோவரில் புஷ்ரொட்டை நிறுத்தி, அதன் தலையில் டயல் கேஜை வைத்தேன். முழு உயரம் 6.6 மி.மீ. அந்த உச்சத்துக்கு அரை மி.மீ. முன்னால் 78 பாகை, கடந்து அரை மி.மீ. இறங்கியதும் 146. கூட்டிப் பாதியாக்கினால் 112, பிஸ்டன் உச்சியைக் கடந்து அத்தனை பாகையில் வால்வ் முழுதாகத் திறக்கிறது. கேமோடு வந்த அட்டையில் 106 என்று இருந்தது. புள்ளிகள் துல்லியமாக எதிரெதிரே நிற்க, கேம் ஆறு பாகை பின்தங்கியிருந்தது. முதல் தடவை புள்ளியை மட்டும் நம்பிப் பூட்டினேன் அல்லவா, ஏற்றத்தில் வண்டி கீழ்ச் சுற்றில் சோம்பலாக இழுத்ததற்கு அதுவே காரணம்.

அளக்கும்போது கிராங்கை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். ஒரு அளவைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பிப் படிக்கக் கூடாது. நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வர வேண்டும். செயினின் தளர்வு இரண்டு பாகைக்கு மேல் பொய் சொல்லும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மாலை போனது. ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்து, டயல் கேஜ் பழுது என்றே நினைத்துவிட்டேன்.

ஆறு பாகையை மாற்ற, படி வைத்த ஓஃப்செட் கீ (கியரைத் தண்டில் கொஞ்சம் தள்ளிப் பூட்டும் ஆப்பு) ஒன்று வாங்கினேன், 4,800 ரூபாய். பூட்டி அளந்தால் 84, 152. அதாவது 118. கீயைத் தலைமாற்றிப் போட்டிருக்கிறேன், முன்னால் போக வேண்டிய கேம் இன்னும் பின்னால் போய்விட்டது. கழற்றித் திருப்பிப் போட்டேன். 72, 141. பாதி 106.5. அரைப் பாகை போதும் என்று மாமாவும் சொன்னார். ஓஃப்செட் கீ போடுகிறவர்கள் எந்தப் பக்கம் என்று மனதில் கணக்குப் போடுவதைவிட, போட்டு அளந்து பார்ப்பது நல்லது.

இப்போது ஹெட். பழைய கேஸ்கெட்டை வைத்து ஹெட்டைத் தற்காலிகமாக இறுக்கினோம். 1275இல் எக்ஸோஸ்ட் வால்வ் உயரத் திறந்தால் பிளொக்கின் மேல் விளிம்பில் போய் இடிக்கும் வாய்ப்பு உண்டு. அதற்காகவே பிளொக்கில் சின்னக் குழிகள் இருக்கின்றன. பிள்ளைகள் விளையாடும் களியைத் தட்டி அந்தக் குழியில் வைத்து, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, ஹெட்டைத் தூக்கி, நசுங்கிய களியைப் பிளேடால் வெட்டி அளந்தேன். 0.9 மி.மீ. குறைந்தது ஒன்றரையாவது வேண்டும். நான்கு குழியையும் ஒரு மி.மீ. ஆழமாக்கினோம். முக்கியம், குழியின் அடி பிஸ்டனின் முதல் ரிங் உச்சியில் நிற்கும் கோட்டைத் தொடக் கூடாது. எங்களுக்கு இரண்டு மி.மீ. மிச்சம் இருந்தது. ஸ்பிரிங்கையும் வைஸில் அழுத்திப் பார்த்தேன். முழுதாகத் திறந்த நிலையில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்ட இன்னும் 1.3 மி.மீ. இருந்தது. அது சரி.

அப்புறம்தான் ரொக்கர். என் நேரத்தில் பாதி இதற்குத்தான் போனது.

பார்க்க வேண்டியது இரண்டு: ரொக்கர்கள் ஆடும் தண்டான ரொக்கர் ஷாஃப்டின் உயரம், ஒவ்வொரு ரொக்கரும் பக்கவாட்டில் வால்வின் நடுவில் நிற்பது. உயரத்துக்கு விதி இதுதான்: வால்வ் பாதி திறந்திருக்கும்போது, ஷாஃப்டின் நடுவிலிருந்து ரொக்கரின் மூக்கு வரை ஒரு கோடு இழுத்தால், அது வால்வ் தண்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் மூக்கு வால்வ் தலையில் மிகக் குறைவாக உரசும். என் ஹெட்டில் வால்வ் சீட்டை (வால்வ் மூடி உட்காரும் இடம்) முன்னமே யாரோ இரண்டு மூன்று தடவை வெட்டியிருக்கிறார்கள். சீட் உள்ளே போகப் போக வால்வின் வால், அதாவது ரொக்கர் படும் தலை, மேலே ஏறும். போதாததற்கு ஹெட்டின் அடிப்பக்கத்தையும் சீவியிருந்தார்கள். ஹெட் கீழிறங்கியதால் புஷ்ரொட் நீளமாகிப் போனது போல் ஆகி, அட்ஜஸ்டர்கள் மேலே ஏறின. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஷாஃப்டை உயர்த்துவது.

உண்மையான ஸ்பிரிங்கைக் கழற்றி, ஹார்ட்வேர் கடையில் வாங்கிய மென்மையான ஸ்பிரிங்கை ஒரு வால்வில் மட்டும் போட்டேன், விரலாலேயே அழுத்தலாம். டயல் கேஜ் வால்வின் தட்டில். புஷ்ரொட்டின் 6.6ஐ ஒன்றரையால் பெருக்கினால் 9.9. இடைவெளி 0.35ஐக் கழித்தால் 9.55. கேஜ் காட்டியது 9.4. பாதி, 4.7. அங்கே கிராங்கை நிறுத்தி, மூலைமட்டத்தைத் தண்டோடு சேர்த்துப் பார்த்தால் ரொக்கரின் மூக்கு இன்னும் மேல் நோக்கியே இருந்தது. ஷாஃப்ட் தாழ்ந்திருக்கிறது.

எவ்வளவு உயர்த்துவது என்பதைக் கணக்கில் போடாமல் வைத்துப் பார்த்தே கண்டுபிடித்தோம். மாமா வீட்டுப் பரணில் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் அடித்திருந்த தகடு, கலிப்பரில் 0.25 மி.மீ. அதை வெட்டித் துளையிட்டு, ஷாஃப்டைத் தாங்கும் பெடஸ்டல் நான்கின் கீழும் ஒவ்வொன்றாக அடுக்கினோம். ஒவ்வொரு தடவையும் வால்வ் தலையில் பெர்மனன்ட் மார்க்கர் பூசி, நான்கு சுற்றுச் சுற்றி, மை அழிந்த கோட்டின் அகலத்தைப் பூதக்கண்ணாடி வைத்து அளந்தோம். தகடு இல்லாமல் 1.7 மி.மீ. நான்கு தகட்டில் 1.4. ஆறு தகட்டில் 1.3, மூலைமட்டமும் சரியாகப் பொருந்தியது. எட்டு வைத்துப் பார்த்தபோது மறுபடி அகலமாகத் தொடங்கியது. ஆறு, அதாவது ஒன்றரை மி.மீ. வெறும் 0.4தானே குறைந்தது என்று கேட்கலாம். வால்வ் தண்டு 7.1 மி.மீ.தான் தடிப்பு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அந்த 0.4 தண்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும், வால்வ் கைடு அதைத் தாங்க வேண்டும்.

தகடுகளை அடுக்கி அப்படியே விட முடியாது, நசுங்கும். ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் ஒன்றரை மி.மீ. இரும்பில் நான்கு துண்டு வெட்டித் தட்டையாக்கித் தரச் சொன்னேன், 4,000 ரூபாய். கொண்டுவந்து சந்தோஷமாகப் பூட்டினேன். மாமா ஒரு பெடஸ்டலைக் காட்டி, “எண்ணெய் எந்த வழியா மேல வரும்?” என்று மட்டும் கேட்டார்.

நான்கு பெடஸ்டலில் ஒன்றின் வழியாகத்தான் ஹெட்டிலிருந்து ஒயில் ஷாஃப்டுக்குள் ஏறும். நான் வெட்டித் தந்த மாதிரியில் ஸ்டட் துளை மட்டும்தான் இருந்தது. ஒயில் துளை இல்லை. அந்தத் துண்டு பாதையை முழுதாக அடைத்துவிட்டது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் எட்டு ரொக்கரும் ஒரு சொட்டு ஒயில் இல்லாமல் ஓடியிருக்கும். தேயிலைப் பெட்டித் தகட்டிலும் அந்தத் துளை இல்லை. ஆனால் அது கையால் சுற்றிப் பார்க்க மட்டும் வைத்தது. அதைப் பார்த்துப் பழகிய கண், லேத்துக்குக் கொடுக்கும்போதும் துளையை மறந்துவிட்டது. 5 மி.மீ. துரப்பணத்தால் துளையிட்டு, விளிம்புப் பிசிறைக் கல்லில் தேய்த்தெடுத்தேன். இந்த வேலையில் வேறு எதை மறந்தாலும் பின்னால் சரிசெய்யலாம். இதை மட்டும் மறக்கக் கூடாது.

பக்கவாட்டு நேர் அடுத்தது. கம்பெனி அமைப்பில் ரொக்கர்களுக்கு இடையே ஸ்பிரிங் இருக்கும். அது ரொக்கரைத் தள்ளி வைக்குமே தவிர, குறித்த இடத்தில் நிறுத்தாது. மை பூசிப் பார்த்தபோது ஐந்தாவது ரொக்கர் வால்வின் நடுவிலிருந்து 1.6 மி.மீ. விலகியிருந்தது. இரண்டாவதும் ஏழாவதும் ஏறக்குறைய ஒரு மி.மீ. மற்றவை பரவாயில்லை. ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனி நீளத்தில் குழாய் வடிவ ஸ்பேசர் செய்தோம். மாமா ஒரு வெள்ளைத் தாளில் ஷாஃப்டை நீளமாக வரைந்து, ஒவ்வொரு ரொக்கரின் நடுவும் எங்கே வர வேண்டும் என்று அளவு குறித்தார். லேத் பட்டறை முதலில் எல்லாவற்றையும் 0.3 மி.மீ. கூடுதலாக வெட்டியது. பிறகு கண்ணாடியின் மேல் எமரித் தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு ரொக்கருக்கும் 0.10 முதல் 0.15 மி.மீ. வரை ஆட்டம் வைத்தோம். அதற்கும் இறுக்கினால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். கூலி 6,500 ரூபாய். எமரி தேய்த்தது இரண்டு இரவு, அக்கா மகனும் நானும் மாறி மாறி. ஐந்தாவதின் மைக்கோடு நடுவில் வந்து நின்றபோது அவன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தான். எனக்கும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனது நிறைகிறது.

கடைசியாக, சத்தம் போட்ட புஷ்ரொட். 1.5 ரொக்கரில் புஷ்ரொட் உட்காரும் இடம் ஷாஃப்டுக்கு அருகே தள்ளி இருக்கும். அதனால் புஷ்ரொட்டின் தலை உள்பக்கம் சாயும், ஹெட்டின் துளைச் சுவரில் உரசும். ஷாஃப்டை உயர்த்திய பிறகும் இரண்டு உரசின. அந்த இரண்டு துளையின் உள்பக்கச் சுவரை வட்ட அரத்தால் முக்கால் மி.மீ. தேய்த்தேன். மெஷினில் வைக்காமல் கையாலேயே தேய்த்தேன், ஏனெனில் இன்லெட் பாதையின் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் கூடினால் ஓட்டை விழுந்து ஹெட்டே வீண். பிறகு சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைத் துளைக்குள் சுருட்டி வைத்து, புஷ்ரொட்டைப் போட்டுச் சுற்றினோம். தாள் கிழியாமல் வெளியே வந்தது. உரசலில் லேசாக வளைந்திருந்த ஒரு புஷ்ரொட்டைக் கண்ணாடியில் உருட்டிக் கண்டுபிடித்து, பழைய செட்டிலிருந்து நல்லதொன்றைப் போட்டேன்.

ஐந்தாவது வால்வைக் கையால் பேஸ்ட் போட்டு அரைத்து, சீட்டில் சாம்பல் நிற வளையம் முழுதாக வந்ததும் ஹெட்டைப் புதுக் கேஸ்கெட்டோடு வைத்தோம். ஹெட் நட்டுகள் 50 அடி-இறாத்தல், பெடஸ்டல் நட்டுகள் 25.

இடைவெளி வைக்க இந்த எஞ்சினில் அழகான ஒரு கணக்கு உண்டு. இரண்டு வால்வ் எண்ணும் சேர்ந்து ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை வைக்கலாம். ஆறு திறந்திருந்தால் மூன்று, நான்கு திறந்திருந்தால் ஐந்து, ஏழு திறந்திருந்தால் இரண்டு, அப்படியே எதிர்ப்பக்கமும். முச்சக்கர வண்டிக்காரனான எனக்கு இதை ஒரு பழைய பாஸ் (மெக்கானிக்) சொல்லித் தந்தார். மினிக்குச் சாதாரணமாக 0.30 மி.மீ., பாஸ்மார் கணக்கில் பன்னிரண்டு, அதாவது அங்குலத்தை ஆயிரமாக்கினால் பன்னிரண்டு பங்கு. இந்தக் கேமின் அட்டை பதினான்கு கேட்டது, அதாவது 0.35. லொக் நட்டை இறுக்கும்போது திருகாணி கொஞ்சம் கூடவே திரும்பும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், எல்லாத் தடவையும். இப்போது அட்ஜஸ்டரின் இழை ரொக்கருக்குக் கீழே ஒன்றரைச் சுற்று வெளியே தெரிகிறது. இருக்க வேண்டிய இடம் அதுதான்.

முதல் ஸ்டார்ட்டைப் பற்றி: புதுக் கேமையோ புது ஃபொலோவரையோ ஐட்லிங்கில் விடக் கூடாது. மெதுவாக ஓடும்போது கேமுக்குத் தெறித்து வரும் ஒயில் போதாது, ஸ்பிரிங்கின் பாரம் முழுதும் முகட்டின் நுனியில் இறங்கும். கேமிலும் ஃபொலோவர் முகத்திலும் அசெம்பிளி பசையைத் தாராளமாகப் பூசினோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ரொக்கரில் ஒயில் கசியும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றினோம். எட்டு ரொக்கரிலும் ஒயில் ஈரம் தெரியும்வரை கவரை மூடவில்லை. பிளக்கைப் போட்டதும் எஞ்சின் உடனே பற்றியது. 2,000 சுற்றுக்கு ஏற்றி, இருபது நிமிடம் இறங்கவிடாமல் பிடித்தேன். மாமா ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். லயத்துப் பிள்ளைகள் வேலியில் வரிசையாக நின்று பார்த்தார்கள். துத்தநாகம் கலந்த ரன்னிங்-இன் ஒயில் 12,000 ரூபாய். ஐம்பது கிலோமீட்டரில் அதை வடித்துவிட்டேன்.

இருபது நிமிடம் முடிந்து ஐட்லிங்குக்கு இறக்கியபோது அந்த டக் டக் இல்லை. டெப்பட்டின் மெல்லிய, சீரான தட்டல் மட்டும் கேட்டது. மறுநாள் கம்ப்ரெஷன் 170, 168, 170, 168. ஐம்பதாவது கிலோமீட்டரில் இரண்டு வால்வில் இடைவெளி 0.03 மாறியிருந்தது, வைத்தேன். அதற்குப் பிறகு போன ஞாயிறு பார்த்ததுதான், எதுவும் மாறவில்லை. ரதல்லயில் இரண்டாவது கியரில் முன்பு அழுது ஏறிய வளைவில் இப்போது மூன்றாவது கியரில் இழுக்கிறது. அதில் கூடுதல் பங்கு கேம் டைமிங்குக்குத்தான் என்பது என் எண்ணம், ரொக்கருக்கு அல்ல.

செலவு: ரொக்கர் 58,000, ஃபொலோவர் 24,000, கேஸ்கெட் செட் 11,500, துண்டுகளும் ஸ்பேசரும் 10,500, கீ 4,800, டயல் கேஜ் 9,500, ஒயில் 12,000. மொத்தம் 130,300 ரூபாய். முதல் தடவை வீணான கேஸ்கெட் செட் இன்னொரு 11,500. கேம்ஷாஃப்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்குப் பதிலாக ஒரு கார்புரேட்டர் கொடுத்தேன்.

அடுத்த எஞ்சினில் சிலவற்றை மாற்றுவேன். ரொக்கர் வாங்கும் முன்பே ஹெட் எவ்வளவு சீவப்பட்டிருக்கிறது, வால்வ் வால் எவ்வளவு உயரம் என்று அளப்பேன். டயல் கேஜை முதல் நாளே வாங்குவேன். பெடஸ்டல் துண்டுகளை நான்கும் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் ஒயில் துளையோடு வெட்டச் சொல்வேன், எதை எங்கே போட்டாலும் பிழை வராது. புஷ்ரொட்டைச் சரியான நீளத்தில் செய்யும் ஆள் கிடைத்தால் அதையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு 1,000 கிலோமீட்டர் வரை இருநூறுக்கு ஒரு தடவை கவரைத் திறந்து பார்ப்பேன். எட்டு எண்ணையும் எழுத கராஜ் சுவரில் சோக்கட்டியால் கட்டம் போட்டிருக்கிறேன். அதில் மூன்று வரிசை நிரம்பியிருக்கிறது.